முதுமையில் மூட்டும் தசையும்

வயது முதிர்ந்தோர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதும், படியேறும்போது கைப்பிடியைத் தேடுவதும் எல்லா ஊர்களிலும் காணப்படும் காட்சிகள். அவற்றைக் காணும் வீட்டார் கூறும் அறிவுரையும் எங்கும் ஒன்றே: "நீங்கள் எழ வேண்டாம், உட்கார்ந்திருங்கள், வேண்டியதை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்." அன்பினால் பிறக்கும் இச்சொல்லின் பின்னே ஒரு கருத்து மறைந்திருக்கிறது. வண்டியின் அச்சு ஓட ஓடத் தேய்வது போல மனிதனின் மூட்டும் உழைக்க உழைக்கத் தேய்கிறது. ஆதலின் எஞ்சியிருப்பதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதே அது.

இக்கருத்து பிழையானது. வண்டியின் அச்சு உயிரற்ற பொருள். தேய்ந்த பகுதியை அது தானே நிரப்பிக்கொள்ளாது. தசையும் எலும்பும் மூட்டும் உயிருள்ளவை. அளவறிந்து வேலை கொடுத்தால் அவை வலுப்பெறுகின்றன. வேலையின்றி விட்டுவிட்டால் குன்றிப் போகின்றன. முதுமையில் தோன்றும் தளர்ச்சி முழுவதும் வயதினால் விளைவதன்று. அதில் பெரும்பங்கு இயக்கமின்மையால் விளைவது. அப்பங்கை மீட்கவும் இயலும்.

இவ்வுண்மையை மக்களிடம் கொண்டுசெல்வது களப்பணியாளரின் கடமை. மாணவர் வாயிலாக வீடுகளுக்கு அனுப்புவது ஆசிரியரின் கடமை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். முதியோரின் பங்கு நாட்டிலேயே மிகுந்த மாநிலம் கேரளமாகும். ஆகவே, முதுமையில் கால்கள் எவ்வளவு காலம் தம் பணியைச் செய்யும் என்பது அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்தின் கேள்வியாகிவிட்டது.

களரி காட்டும் முறை

உடலை எவ்வாறு படிப்படியாகப் பழக்குவது என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு அக்கேரளத்தின் தலைநகரிலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தின் கிழக்குக் கோட்டைப் பகுதியில் சி.வி.என். களரி என்னும் பயிற்சிக்கூடம் உள்ளது. வட கேரளத்துத் தலச்சேரியைச் சேர்ந்த சி.வி. நாராயணன் நாயர், மங்கிக் கிடந்த களரிப்பயிற்றுக் கலைக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீண்டும் உயிரூட்டியவர்களுள் ஒருவர். அவருடைய மைந்தர் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் இக்களரியை நிறுவினார். கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுடன் இணைந்ததும் அதே ஆண்டில்தான். அடிமுறை, வர்ம அடி என்னும் தென்முறைப் பயிற்சிகள் அம்மாவட்டத்தில் வழங்கி வருவதைத் தமிழ் மக்கள் அறிவர்.

களரிப்பயிற்று போர்க்கலையாகத் தோன்றியதே. ஆயினும் மாணவன் கையில் முதல் நாளிலேயே வாளைக் கொடுப்பதில்லை. முதற்படி மெய்த்தாரி எனப்படும் உடற்பயிற்சி. இரண்டாவது கோல்த்தாரி என்னும் மரக்கோல் பயிற்சி. மூன்றாவது அங்கத்தாரி என்னும் உலோகப் படைக்கலப் பயிற்சி. வெறுங்கையால் போரிடும் முறை இவற்றிற்குப் பின்னரே கற்பிக்கப்படும். மெய்த்தாரியில் மாணவன் காலை நேராகவும் பக்கவாட்டிலும் உயர்த்தி வீசப் பழகுகிறான். யானை, குதிரை, சிங்கம், பன்றி முதலிய விலங்குகளின் பெயர் கொண்ட வடிவங்களில் நிற்கப் பழகுகிறான். இவ்வடிவங்களுட் பலவற்றில் முழங்காலும் இடுப்பும் மடங்கி உடல் தாழ்கிறது. தொடையின் முன்தசைகளும் பிட்டத் தசைகளும் முழு உடலின் எடையையும் தாங்குகின்றன. பின்னர் அதே தசைகள் உடலை மேலே உயர்த்துகின்றன.

இம்முறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் ஒழுங்கு. இரண்டாவது, இடையறாத பழக்கம். மூன்றாவது, தனித்தனித் தசைகளையன்றி, தாழ்தல், எழுதல், திரும்புதல், நிலைகொள்ளுதல் ஆகிய முழுச் செயல்களையே பழக்குதல். திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் 1985இல் நிறுவப்பட்ட இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் இன்று பயிலப்படும் பயிற்சியியலும் இவற்றையே அடிப்படை விதிகளாகக் கொள்கிறது. வழிகள் வேறாயினும் அவை சென்று சேரும் இடம் ஒன்றே.

வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழாம் வயதில் களரியில் இறங்கியவர். எழுபது வயதைக் கடந்த பின்னும் வாளும் கேடயமும் ஏந்திப் பயிற்சி அளித்தவர். 2017இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. இத்தகைய ஒருவரின் வாழ்க்கை நம்மை வியப்பில் ஆழ்த்தும். எனினும் அது ஒன்றே சான்றாகிவிடாது. இயல்பிலேயே வலிய உடல் படைத்தவர்தாம் இவ்வாறு நீடிக்கின்றனர் என்று ஒருவர் வாதிடலாம். இளமையில் பழகாத, ஏற்கெனவே தளர்ந்துவிட்ட ஒருவருக்கும் இது பொருந்துமா? இதுவே விடை காண வேண்டிய வினா. அதற்கு முன் தசையின் இயல்பையும் மூட்டின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

தசையின் இயல்பு

தசையிலுள்ள புரதம் கட்டிய வீடு போல் நிலைத்து நிற்பதன்று. அது நாள்தோறும் சிதைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. சிதைவும் ஆக்கமும் சமமாக இருக்கும்வரை தசையின் அளவு மாறாது. முப்பது வயதிற்குப் பின் சிதைவின் பக்கம் தட்டு மெல்லத் தாழ்கிறது. அதன்பின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைவதாகக் கணக்கிட்டுள்ளனர். 60 வயதிற்குப் பின் இவ்வேகம் மேலும் கூடுகிறது. இக்குறைவிற்கு 1989இல் 'சார்கோபீனியா' என்று பெயரிடப்பட்டது. தசைக் குறைவு என்பதே இக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

தசையிழைகள் இருவகைப்படும். மெல்லச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை ஒருவகை. விரைந்து சுருங்கிப் பேராற்றல் தருபவை மற்றொரு வகை. முதுமையில் பெரிதும் மெலிவன விரைவிழைகளே. ஈரத்தரையில் கால் வழுக்கும் அக்கணத்தில் உடலைத் தாங்கிப் பிடிப்பவையும் அவையே. மெதுவாக நடந்து செல்ல வல்ல முதியவர் ஒருவர் சிறிது தடுக்கியவுடன் விழுந்துவிடுவதற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். இவ்வாறு விழுவோர் பலருக்கு இடுப்பெலும்பு முறிகிறது. முறிவுக்குப் பின் பழையபடி நடமாடும் நிலையை அடையாதோர் பலர்.

தசைக்கு ஓய்வு கொடுத்தால் அது சேமிக்கப்படுகிறதா? 2007இல் அமெரிக்காவில் இதனை நேரடியாகச் சோதித்தனர். சராசரி 67 வயதுடைய, நோயற்ற சிலரைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்திருந்தனர். அந்தப் பத்து நாட்களில் அவர்களின் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. புதிய தசைப்புரதம் உருவாகும் வேகமும் மூன்றில் ஒரு பங்களவு தாழ்ந்தது. காய்ச்சலுக்குப் படுத்த முதியவர் காய்ச்சல் நீங்கிய பின்னும் எழ முடியாமற் போவது ஏன் என்பதை இச்சோதனை விளக்குகிறது.

மூட்டின் இயல்பு

எலும்புகள் சந்திக்கும் முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வழவழப்பும் நெகிழ்வும் உடைய இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. எனில் இதற்கு உணவு வருவது எங்ஙனம்? மூட்டைச் சூழ்ந்துள்ள உறையில் ஊறும் மூட்டுநீரிலிருந்தே பெரிதும் வருகிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி நீரை வெளியேற்றுகிறது. பளு நீங்கும்போது ஊட்டப்பொருள் கலந்த நீரை மீண்டும் உள்ளிழுக்கிறது. ஒவ்வோர் அடியும் குருத்தெலும்புக்கு ஒரு கவளம் உணவு எனலாம்.

இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். கடற்பஞ்சுத் துண்டு ஒன்றை நீரில் நனைத்து, சாயம் கலந்த நீருள்ள தட்டில் வைக்க வேண்டும். அழுத்தாமல் விட்டால் சாயம் மெல்லவே உட்செல்லும். பலமுறை அழுத்தி விட்டால் சாயம் விரைவில் உள்ளே பரவும். விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால் நீர் உட்செல்ல வழியே இராது. இயங்காத மூட்டு, இயங்கும் மூட்டு, நெடுநேரம் ஒரே நிலையில் அழுந்திய மூட்டு ஆகிய மூன்றிற்கும் இவை முறையே உவமைகளாகும்.

இங்குத் தசையின் பங்கும் உண்டு. தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் அடி வைக்கும்போது எழும் அதிர்ச்சியின் ஒரு பகுதியை அதுவே ஏற்றுக்கொள்கிறது. தசை மெலிந்தால் அதிர்ச்சி மூட்டின்மேல் விழுகிறது; வலி தோன்றுகிறது; வலிக்கு அஞ்சி நடை குறைகிறது; நடை குறையவே தசை மேலும் மெலிகிறது. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அறுப்பதற்கு எளிய இடம் தசையே.

ஆராய்ச்சிகள் கூறுவன

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், முழங்கால் காயமுற்ற வீரர்களுக்குப் பளுவைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி அளித்தார். 1945இல் அதன் நற்பயனை வெளியிட்டார். அவர்கள் இளைஞர்கள். முதியோருக்கும் இது பொருந்துமா என்பதற்கு 1990இல் பாஸ்டன் நகரிலிருந்து விடை வந்தது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை நிறைவு செய்த ஒன்பது பேரின் தசைவலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது. அதாவது, வலிமை இரு மடங்கிற்கும் மேலாயிற்று.

அதே ஆய்வாளர்கள் 1994இல் நூறு பேரைக் கொண்டு மற்றொரு சோதனை நடத்தினர். அவர்களின் சராசரி வயது 87. பத்து வாரங்களில் பயிற்சி பெற்றோரின் வலிமை நூற்றுக்கு 113 பங்கு கூடியது. பயிற்சி பெறாதோருக்கு 3 பங்கே கூடியது. அன்றியும், பயிற்சியின்றி ஊட்ட உணவு மட்டும் பெற்றவர்களின் தளர்ச்சி குறையவில்லை. சத்துணவு செங்கல்லைப் போன்றது. பயிற்சி கொத்தனைப் போன்றது. கொத்தன் வாராத இடத்தில் செங்கல் குவிந்து கிடப்பதால் சுவர் எழும்புவதில்லை.

ஓடினால் மூட்டு தேயும் என்னும் அச்சமும் ஆராயப்பட்டுள்ளது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கின்படி, இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத்தேய்வு கண்டவர்கள், பொழுதுபோக்காக ஓடியவர்களுள் நூற்றுக்கு 3.5 பேர், ஓடாமல் இருந்தவர்களுள் 10.2 பேர், போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களுள் 13.3 பேர். முன்பே மூட்டு நலமுள்ளவர்களே ஓட்டத்தை மேற்கொண்டிருக்கலாம் என்பதையும் எண்ண வேண்டும். எனினும் அளவான ஓட்டம் மூட்டை அழிக்கிறது என்னும் கூற்றுக்கு இங்கே இடமில்லை.

மிகுதியும் தீங்கு விளைப்பதுண்டு. இளமையில் நாள்தோறும் பல மணிநேரம் குந்தியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் முழங்கால் தேய்வு மிகுதியாக இருந்ததைப் பீகிங் நகர முதியோரிடையே நடந்த ஆய்வொன்று 2004இல் காட்டியது. குந்தி எழுவது வேறு. குந்தியவாறே இருப்பது வேறு. அழுத்தி விடும் பஞ்சும் அழுத்திப் பிடித்த பஞ்சும் இங்கே நினைவிற்கு வரும்.

களரிகளில் எண்ணெய் பூசி உழிச்சல் செய்யும் வழக்கமும் உண்டு. தேய்த்துவிடுவதால் இறுக்கம் தளர்ந்து, சிலகாலம் வலி குறையக்கூடும். ஆனால் மெலிந்த தசையைத் தேய்ப்பு வளர்ப்பதில்லை. களரியில் எண்ணெய் பூசிய உடல் அடுத்துப் பயிற்சியில் இறங்குகிறது. எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சியை விட்டுவிடுவது, உணவில் கறிவேப்பிலையை மட்டும் உண்டு சோற்றை ஒதுக்குவதற்கு ஒப்பாகும்.

எளிய சோதனை

ஒருவரின் கால்வலிமையை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. கைகளற்ற, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியொன்றைச் சுவரோரம் வைக்க வேண்டும். முதியவர் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுவதும் எழுந்து நின்று மீண்டும் அமர வேண்டும். இவ்வாறு இடைவிடாது ஐந்து முறை எழுவதற்கு ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க வேண்டும். ஐந்தாம் முறை நிமிர்ந்து நின்றதும் கணக்கை நிறுத்தலாம். பணியாளர் அருகிலேயே நிற்பது இன்றியமையாதது. ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவின்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகுமாயின் உடற்செயல் திறன் குறைந்துள்ளது எனக் கொள்ளலாம். இது நோயை முடிவு செய்யும் சோதனையன்று. யாருக்கு முதலில் உதவி தேவை என்பதைக் காட்டும் சோதனை.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்

முதியோர் களரியில் இறங்கிப் பாய வேண்டுவதில்லை. களரியின் ஒழுங்கை வீட்டுக்குள் கொண்டுவந்தால் போதும்.

1. எழுந்தமர்தல்: நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக அமர்தல். தொடக்கத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். 10 முறை செய்து, சற்று இளைப்பாறி, மீண்டும் 10 முறை. எளிதாகிவிட்டால் கைகளை ஊன்றாமலும், பின்னர் சற்றுத் தாழ்ந்த இருக்கையிலிருந்தும் எழ வேண்டும்.

2. காலை நீட்டுதல்: நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை முன்னே நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குதல். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. முழங்கால் வலியால் எழுந்தமர இயலாதோர் இதிலிருந்து தொடங்கலாம்.

3. குதிகால் உயர்த்தல்: சுவரையோ சன்னல் கம்பியையோ பற்றிக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குதல். 10 முறை.

4. சுவரைத் தள்ளுதல்: சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டுதல். 10 முறை.

5. ஒற்றைக்காலில் நிற்றல்: பிடிமானத்தின் அருகில் நின்று, ஒரு காலைத் தூக்கிப் பத்து எண்ணும்வரை நிற்றல், பின் மறுகால்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். விரைந்த நடை அதற்குப் போதும். தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரு நாட்களேனும் வேண்டும். 65 வயதைக் கடந்தோர் உடலின் சமநிலையையும் வலிமையையும் பேணும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்களேனும் செய்தல் நலம். பயிற்சியின்போது மூச்சை அடக்கலாகாது.

உணவும் எடையும்

முதியோர் பலர் பல்வலியாலோ பசிக்குறைவாலோ கஞ்சியோடு நிறுத்திக்கொள்கின்றனர். அதில் புரதம் போதாது. முதியோருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை என்று வல்லுநர் கூறுவர். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராமுக்குக் குறையலாகாது. முட்டை ஒன்றில் 6 கிராமும், 200 மில்லிலிட்டர் பாலில் ஏறத்தாழ 6 கிராமும், 50 கிராம் பருப்பில் 11 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும் புரதம் உண்டு. திருவனந்தபுரம் கடற்கரையிலும் குமரிக் கடற்கரையிலும் கிடைக்கும் சாளை மீன் இவ்வகையில் சிறந்த உணவு. சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

மிகையான எடையும் முழங்காலுக்குப் பகை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பளு ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு நாளில் வைக்கும் ஆயிரக்கணக்கான அடிகளை எண்ணினால் இதன் பயன் விளங்கும்.

கவனிக்க வேண்டுவன

பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் தசையில் சிறிது வலி தோன்றுவது இயல்பு. மூட்டில் சிறு வலி தோன்றி மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. வலி மறுநாளும் நீடித்தாலோ மூட்டு வீங்கினாலோ பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும். அறவே நிறுத்திவிட வேண்டுவதில்லை. ஆனால் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் காணுதல், விழுந்தபின் காலை ஊன்ற இயலாமை, ஓய்விலும் இரவிலும் தணியாத வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல், நடக்கும்போது மார்பில் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதய நோயாளரும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமுடையோரும் மருத்துவரின் கருத்தறிந்தே தொடங்க வேண்டும்.

களப்பணியாளர் ஒரு வீட்டிற்குச் செல்லும்போது முதியவரிடம் மட்டுமன்றி, அவருடைய மக்களிடமும் மருமக்களிடமும் பேசுதல் வேண்டும். தண்ணீர்ச் செம்பைக் கையில் கொண்டுவந்து கொடுப்பது அன்புதான். அதனினும் பெரிய அன்பு, அவர் எழுந்து சென்று அதைத் தாமே எடுக்கும்வரை அருகில் நின்று துணை செய்வது. ஒரு நாளில் பத்து முறை எழுந்தவர் அடுத்த ஆண்டும் எழுவார். எழ வேண்டாம் என்று தடுக்கப்பட்டவர், ஒரு நாள் எழ விரும்பினும் எழ இயலாதவராகிவிடுவார்.